ஒரு கோன்கூட விழல

டீச்சர்: கதவைச் சாத்துங்க. தாழ்ப்பாளும் போடுங்க.

மாஸ்டர்: தாழ்ப்பாள் எதுக்கு? பட்டப்பகல்ல, பள்ளிக்கூடத்து பிசிக்ஸ் லேப்ல, கட்டின பொண்டாட்டிகூட... பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?

டீச்சர்: பாக்கிறவங்க நினைக்க வேண்டியதையெல்லாம் இப்பதான் கீழே ஹால்ல நினைச்சு முடிச்சாங்க. முதல்ல அந்தச் சிரிப்பை நிறுத்துங்க.

மாஸ்டர்: இது சிரிப்பு இல்லம்மா. பயந்தா என் மூஞ்சி இப்படித்தான் போகும். நம்ம கல்யாண போட்டோவை எடுத்துப் பாரு. எல்லாத்துலயும் பல்லுதான்.

டீச்சர்: விசில் அடிச்சாங்க! என் கிளாஸ்ல இருமறதுக்கே யோசிக்கிற பசங்க, பெஞ்சு மேல ஏறி நின்னு விசில் அடிச்சாங்க. எதுக்கு? குடிச்சிட்டு வண்டி ஓட்டாதீங்கன்னு சொல்ல வந்த கூட்டத்துல!

மாஸ்டர்: டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிச்சதுல இருந்து எனக்கு யாரும் விசில் அடிச்சதே இல்ல. பின்னாடி வர்றவன் ஹாரன்தான் அடிப்பான். அதான் கொஞ்சம்... சொக்கிப் போயிட்டேன்.

டீச்சர்: நான் படிச்சுப் படிச்சு சொன்னேன். வாங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க, போதைக் கண்ணாடியைப் பசங்ககிட்ட குடுங்க, ஓரமா நில்லுங்க. அவ்வளவுதானே உங்க வேலை?

மாஸ்டர்: அவ்வளவுதான்.

டீச்சர்: அந்தக் கண்ணாடியை டிராஃபிக் போலீஸ் ஆபீஸ்ல நடையா நடந்து, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தேன். அதைப் போட்டா, மூக்கு முட்டக் குடிச்சவனுக்கு உலகம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். ஆறடி தள்ளி இருக்கிறது கைக்கு எட்டுற மாதிரி இருக்கும், நேரா இருக்கிறது கோணலா இருக்கும். பசங்க போட்டுக்கிட்டாங்க. மேடையில ஒட்டுன டேப் மேல, வரிசையா வச்ச பிளாஸ்டிக் கோனுக்கு நடுவுல நடந்தாங்க. எப்படி நடந்தாங்க?

மாஸ்டர்: பிரமாதமா விழுந்தாங்க. ஒருத்தன் டேப்பைத் தேடிக்கிட்டு மேடை ஓரம் வரைக்கும் போயிட்டான். ஒரு பொண்ணு கோனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு "சாரி அங்கிள்"ன்னா. இன்னொருத்தன் ஹெட்மிஸ்ட்ரஸோட தண்ணி பாட்டிலை மைக்குன்னு நினைச்சு...

டீச்சர்: எல்லாம் ஒழுங்கா போயிட்டு இருந்துச்சு! சிரிச்சாங்க. ஆனா சிரிப்புக்கு நடுவுல பயந்தாங்க. நான் அவங்க முகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். "ஐயோ, இப்படியா இருக்கும்?"னு ஒரு பொண்ணு பக்கத்துல இருந்தவகிட்ட கேட்டா. அந்த நேரம் பாத்து நீங்க மைக்கைப் புடுங்கினீங்க.

மாஸ்டர்: புடுங்கல. வாங்கினேன்.

டீச்சர்: "பசங்களா, நீங்க கத்துக்குட்டிங்க. நான் தலை நரைச்ச டிரைவர். எனக்கே இந்தக் கண்ணாடி போட்டா என்ன கதி ஆகுதுன்னு பாருங்க!" இப்படி மார்தட்டிட்டு, போட்டீங்க.

மாஸ்டர்: போட்டேன்.

டீச்சர்: நடந்தீங்க.

மாஸ்டர்: நடந்தேன்.

டீச்சர்: ஒரு கோன்கூட விழல.

மாஸ்டர்: ...விழல.

டீச்சர்: போனதோட நிறுத்தினீங்களா? திரும்பி வேற வந்தீங்க!

மாஸ்டர்: திரும்பி வர்றப்ப கொஞ்சம் ஸ்டைலா வந்துட்டேன். அது தப்புதான். ஒத்துக்கிறேன். தொப்பையை உள்ள இழுத்துக்கிட்டு வேற நடந்தேன்.

டீச்சர்: அப்பதான் அந்த புல்லட் எழுந்தான்.

மாஸ்டர்: யாரு, அந்தச் சுருட்டை முடி... சட்டை பட்டனைத் திறந்து விட்டுக்கிட்டு நின்னானே?

டீச்சர்: அவன்தான். அவன் அப்பா பைக் வாங்கிக் குடுத்ததுல இருந்து அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. ஸ்கூல் முழுக்க புல்லட்டுன்னா தெரியும். அவன் எழுந்து என்ன கேட்டான்?

மாஸ்டர்: "மாஸ்டர், அப்ப கை பழகிடுச்சுன்னா, குடிச்சிட்டும் ஓட்டலாம்... இல்லையா?"

டீச்சர்: நீங்க என்ன சொன்னீங்க?

மாஸ்டர்: "நல்ல கேள்வி"ன்னு சொன்னேன்.

டீச்சர்: நல்ல கேள்வி!

மாஸ்டர்: பதில் தெரியலைன்னா வாத்தியாருங்க அப்படித்தானே சொல்வீங்க? உன்கிட்ட இருந்து கத்துக்கிட்டதுதான்.

டீச்சர்: விளையாட்டு இல்ல. சனிக்கிழமை அவங்களுக்குக் கடைசி வருஷப் பார்ட்டி. ஊருக்கு வெளியே யாரோ ஒருத்தன் சித்தப்பாவோட தோட்ட வீடு. அங்க என்ன ஓடும்னு எனக்கும் தெரியும், ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் தெரியும். அதுக்காகத்தானே அவசர அவசரமா இந்தக் கூட்டமே வச்சோம்? இப்ப அந்தப் பையன் மண்டையில என்ன பதிஞ்சிருக்கு?

மாஸ்டர்: ...என் நடை.

டீச்சர்: உங்க நடை! அவன் பைக்ல பின்னாடி ரெண்டு பேர் ஏறுவாங்க. மூணு பேரும் என் கிளாஸ். திங்கட்கிழமை நான் அட்டெண்டன்ஸ் எடுக்கணும்ங்க.

மாஸ்டர்: சரி சரி, அழாதே. சாப்பாட்டு பிரேக் முடிஞ்சதும் ரெண்டாவது பேட்ச் இருக்குல்ல? அதுல சரி பண்ணிடலாம். முதல் பேட்ச்சையும் பின்னாடி உக்கார வை. இந்தத் தடவை நான் விழறேன். அவ்வளவுதானே? எனக்கு விழறதா கஷ்டம்?

டீச்சர்: விழுவீங்களா?

மாஸ்டர்: எல்லாக் கோனையும் சாய்ச்சிடறேன். இரு, இங்கேயே ஒத்திகை பாத்துடுவோம். இதோ... குடிச்சவன் நடை. எப்படி?

டீச்சர்: இது குடிச்சவன் இல்ல. கால்ல முள்ளு குத்தினவன்.

மாஸ்டர்: சரி... இது?

டீச்சர்: இது புதுச் செருப்பு கடிச்சவன்.

மாஸ்டர்: அட, இருபது வருஷம் குடும்பம் நடத்தியும் குடிகாரன் மாதிரி தடுமாறத் தெரியலையே எனக்கு. என்ன மனுஷன் நான்! சரி, கண்ணைச் சொருகிக்கிட்டு...

டீச்சர்: பாத்து! அந்த ஸ்டூல்! அது மேல லென்ஸ் பெட்டி இருக்கு!

மாஸ்டர்: ஆ... அது எங்க இருந்து வந்துச்சு?

டீச்சர்: அது அங்கேயேதான் இருந்துச்சு. நகருங்க. இப்படி வந்து நில்லுங்க. ஒண்ணு கேப்பேன், மறைக்காம சொல்லணும்.

மாஸ்டர்: கேளு.

டீச்சர்: ஊதுங்க.

மாஸ்டர்: என்னது?

டீச்சர்: என் மூஞ்சிக்கு நேரா ஊதுங்க. ஹாங்... அப்படி. ம்.

மாஸ்டர்: என்ன வாசனை?

டீச்சர்: பேஸ்ட்.

மாஸ்டர்: சொன்னா நம்பணும். நான் குடிக்கிறதே இல்ல. என் சொந்தத் தம்பி கல்யாணத்துல ஒரு மடக்கு பீர் குடிச்சிட்டு, மாப்பிள்ளைக்கு முன்னாடி நான் வாந்தி எடுத்தேன். அதோட சரி. அந்த விஷயத்துல நான் பயங்கர ஒழுக்கம். தைரியம் இல்லாததால வந்த ஒழுக்கம்.

டீச்சர்: அப்ப எப்படி நடந்தீங்க? நானும் அந்தக் கண்ணாடியைப் போட்டுப் பாத்தேன். என் கை எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. நீங்க மட்டும் ரயில் மாதிரி போனீங்க.

மாஸ்டர்: திறமைன்னு விட்டுடேன். ஒரே ஒரு நாள் எனக்குத் திறமை இருந்துட்டுப் போகட்டுமே.

டீச்சர்: எப்படி நடந்தீங்க?

மாஸ்டர்: ...சொன்னா திட்டுவ.

டீச்சர்: திட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்? புதுசா என்ன?

மாஸ்டர்: கண்ணாடிக்கு உள்ள... கண்ணை மூடிக்கிட்டேன்.

டீச்சர்: மூடிக்கிட்டீங்களா?

மாஸ்டர்: போட்டதும் தலை கிர்ருன்னு சுத்துச்சும்மா. விழுந்து தொலைச்சா மானம் போயிடுமேன்னு மூடிட்டேன்.

டீச்சர்: அடப்பாவி மனுஷா! விழறதைக் காட்டத்தானே நீங்களா அதை வாங்கிப் போட்டுக்கிட்டீங்க!

மாஸ்டர்: அது இப்ப புரியுது. அந்த நேரத்துல புரியல. அத்தனை பசங்க பாக்கிறாங்க...

டீச்சர்: பித்தலாட்டம்! சரி, கண்ணை மூடினா மட்டும் எப்படி நேரா போவீங்க?

மாஸ்டர்: காலாலதான். மேடையில எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டு ஏறச் சொன்னாங்கல்ல? நம்ம டேப் நல்லா தடிமன். உள்ளங்கால்ல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. கோன் எல்லாம் என் டிரைவிங் ஸ்கூல் கோன். காலையில நான்தான் அடி அளந்து வச்சேன். எது எங்க இருக்குன்னு எனக்கு மனப்பாடம்.

டீச்சர்: அப்பாடா... இவ்வளவுதானா? இது சுலபமா சரி பண்ணக்கூடிய விஷயம்தானே! பி.டி. சார்கிட்ட சொல்லி டேப்பையும் கோனையும் இடம் மாத்தி வைக்கச் சொல்றேன். நீங்க முதல்ல கண்ணாடி இல்லாம, சாதாரணமா நடந்து காட்டுங்க. அப்புறம் போதைக் கண்ணாடி போட்டு, கண்ணைத் திறந்துக்கிட்டு நடங்க. தானா விழுவீங்க. நடிக்கவே வேண்டாம்.

மாஸ்டர்: இடம் மாத்தறதா?

டீச்சர்: ஆமா.

மாஸ்டர்: அது... எதுக்கு கண்ணாடி இல்லாம ஒரு தடவை? நேரத்தை வீணாக்காதே.

டீச்சர்: அப்பதானே பசங்களுக்கு வித்தியாசம் தெரியும்?

மாஸ்டர்: வித்தியாசம் தெரியலைன்னா?

டீச்சர்: என்னங்க?

மாஸ்டர்: ஒண்ணும் இல்ல. யாரோ கதவைத் தட்டறாங்க பாரு.

பி.டி. சார்: மேடம்! மாஸ்டர் உள்ளயா இருக்காரு?

டீச்சர்: வாங்க சார். இருக்காரு.

பி.டி. சார்: மாஸ்டர், கலக்கிட்டீங்க போங்க! இந்த ஸ்கூலுக்கு எத்தனையோ பேர் வந்து பேசியிருக்காங்க. யோகா சொல்ல வந்தவரை எங்க பசங்க தூங்க வச்சே அனுப்பினாங்க. உங்களுக்கு மட்டும்தான் விசில்!

மாஸ்டர்: ஹி ஹி... எல்லாம் உங்க ஆசி.

டீச்சர்: சார், பசங்க என்ன பேசிக்கிறாங்க?

பி.டி. சார்: அதை ஏன் மேடம் கேக்கறீங்க! எவனோ வீடியோ எடுத்து அதுக்குள்ள குரூப்புல போட்டுட்டான். தலைப்பு என்ன தெரியுமா? "ஃபுல் போதையிலும் ஃபுல் கன்ட்ரோல்." கேன்டீன் முழுக்க அதுதான் ஓடுது. ரெண்டாவது பேட்ச் இப்பவே ஹால் வாசல்ல நிக்குது. மாஸ்டர் நடக்கிறதைப் பாக்கணுமாம்.

டீச்சர்: கடவுளே... அந்த புல்லட்?

பி.டி. சார்: அவன்தான் மாஸ்டருக்கு ரசிகர் மன்றத் தலைவரே! சனிக்கிழமை எல்லாரையும் அவனே வண்டியில கொண்டு விடறானாம். ஏண்டா, நீயும் குடிப்பியேடான்னு ஒருத்தன் கேட்டான். "குடிச்சா என்ன, மாஸ்டர் மாதிரி நிதானமா ஓட்டுவேன்"கிறான். நான் ஒரு அதட்டு போட்டேன். ஆனா பசங்க எங்க நம்ம பேச்சைக் கேக்குதுங்க? இந்தாங்க மாஸ்டர், கமெண்ட் எல்லாம் படிங்க. சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாயிடும்.

மாஸ்டர்: குடுங்க... ஆங்... அடடே! ஹ ஹ! நல்லா எழுதியிருக்காங்க... என்ன ரசனை! இதைப் பாரேன், ரொம்ப நல்லா இருக்கு...

பி.டி. சார்: மாஸ்டர்... போன் அணைஞ்சு போயிருக்கு. என் போன் அப்படித்தான், கை பட்டா அணைஞ்சிடும். இருங்க, போட்டுத் தர்றேன்.

டீச்சர்: வேண்டாம் சார். அவர் படிக்கிற கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டாரு. நீங்க போய் பசங்களை உக்கார வைங்க. பத்து நிமிஷத்துல நாங்க வர்றோம். கதவைச் சாத்திட்டுப் போங்க.

பி.டி. சார்: சரி மேடம். மாஸ்டர், அதே ஸ்டைல் நடை! மறந்துடாதீங்க!

மாஸ்டர்: நல்ல மனுஷன். கொஞ்சம் சத்தமாப் பேசறாரு. ஏதாவது பேசேன். நீ பேசாம இருந்தா எனக்குத் திட்டறதைவிட பயமா இருக்கு.

டீச்சர்: இந்தக் கையில எத்தனை விரல்?

மாஸ்டர்: சின்னப் பிள்ளைங்க விளையாட்டு விளையாடாதே.

டீச்சர்: எத்தனை?

மாஸ்டர்: மூணு.

டீச்சர்: நான் கையையே தூக்கல.

மாஸ்டர்: ...ஜன்னல் உனக்குப் பின்னாடி இருக்குல்ல. வெளிச்சம் கண்ணுல அடிக்குது. வெளிச்சம் அடிச்சா எல்லாமே பால் ஊத்தின மாதிரி ஆயிடுது.

டீச்சர்: எவ்வளவு நாளா?

மாஸ்டர்: நாள் கணக்கு வச்சுக்கல. முதல்ல எதிர்ல வர்ற வண்டி வெளிச்சம் கூசுச்சு. வயசாகுது, கூசத்தான் செய்யும்னு விட்டேன். அப்புறம் போர்டு எழுத்து கலங்குச்சு. கார் கண்ணாடிதான் அழுக்குன்னு நினைச்சு, துடைச்சேன் துடைச்சேன்... தேயற அளவுக்குத் துடைச்சேன். டிரைவிங் ஸ்கூல் காருங்க ஊருலயே சுத்தமா இருக்குன்னு பேர் வாங்கினதுதான் மிச்சம்.

டீச்சர்: டாக்டர்கிட்ட போகலையா?

மாஸ்டர்: போனா அவர் ஒரு பேர் வச்சிடுவாரு. பேர் வச்சுட்டா அது வியாதி. பேர் இல்லாத வரைக்கும் வெறும் தூசிதானே.

டீச்சர்: என்ன பேச்சு இது?

மாஸ்டர்: கோழையோட பேச்சு. ஊசின்னாலே ஒளியிறவன், கண்ணுல கத்தி வைக்கிறேன்னா எப்படிப் போவேன்? அதுமட்டும் இல்ல... லைசென்ஸைப் புடுங்கிடுவாங்கம்மா. வண்டி ஓட்டறதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? வெந்நீர் வைக்கச் சொன்னாக்கூட தீய்ச்சிடுவேன்.

டீச்சர்: தினமும் ஆளுங்களுக்குக் கத்துக் குடுக்கறீங்களே... எப்படிங்க?

மாஸ்டர்: அதுதான் பெரிய கூத்து. இன்னிக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் என்னை எப்படி அறிமுகப்படுத்தினாங்க? "பேசிக்கொண்டே ஓட்டும் புதுமையான பயிற்சி முறையைக் கண்டுபிடித்தவர்." கை தட்டினாங்களே?

டீச்சர்: ஆமா.

மாஸ்டர்: என் கண்டுபிடிப்பு என்னன்னு சொல்றேன் கேளு. கத்துக்க வர்றவங்ககிட்ட, "முன்னாடி தெரியறதையெல்லாம் சத்தமா சொல்லிக்கிட்டே ஓட்டுங்க"ம்பேன். அவங்க சொல்வாங்க. "மாஸ்டர், இடது பக்கம் ஆட்டோ... மாஸ்டர், ஸ்பீட் பிரேக்கர்... மாஸ்டர், அம்மா ஒருத்தங்க ரோட்டைத் தாண்டறாங்க." அதைக் கேட்டுக்கிட்டு நான் என் பக்கத்து பிரேக்ல காலை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அவங்க கண்ணுல நான் பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்கு அவங்ககிட்டயே ஃபீஸ் வேற வாங்கினேன். இதுல கொடுமை என்னன்னா, அந்த முறையில எல்லாரும் நல்லா ஓட்டக் கத்துக்கிட்டாங்க. டெஸ்ட்டுல ஒருத்தர் பாக்கியில்லாம பாஸ். கண்ணு நல்லா இருந்த காலத்துல பாதிப் பேர் ஃபெயில்!

டீச்சர்: சிரிக்காதீங்க.

மாஸ்டர்: சிரிக்கல. சொன்னேனே, பயந்தா மூஞ்சி இப்படித்தான் போகும்னு.

டீச்சர்: ஏதாவது ஆச்சா? எங்கேயாவது... யார் மேலயாவது...

மாஸ்டர்: இல்ல. ஆனா போன வாரம் ஒரு நர்ஸம்மா ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. சத்தமா சொல்லிக்கிட்டே வந்தவங்க திடீர்னு கத்தினாங்க. "மாஸ்டர், சைக்கிள்!" நான் பிரேக் அடிச்சேன். கொஞ்சம் லேட்டா அடிச்சேன். அவங்க ஸ்டியரிங்கை ஒடிச்சதாலதான் தப்பிச்சோம். சைக்கிள்ல ஒரு சின்னப் பொண்ணு. அது பாட்டுக்கு மணி அடிச்சிட்டுப் போயிடுச்சு. அந்த மணிச் சத்தத்தை வச்சுத்தான் அது போயிடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது.

டீச்சர்: ஐயோ...

மாஸ்டர்: நர்ஸம்மா நடுங்கறாங்க. "ஏன் மாஸ்டர் நீங்க முன்னாடியே பிரேக் போடல?"ன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்களை டெஸ்ட் பண்ணினேன். பாஸ்!"னு சொன்னேன். அவங்க எனக்கு தேங்க்ஸ் சொன்னாங்கம்மா. அதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல.

டீச்சர்: அதுக்கு அப்புறமும் ஓட்டினீங்க.

மாஸ்டர்: ஓட்டினேன்.

டீச்சர்: இன்னிக்குக் காலையிலகூட.

மாஸ்டர்: இன்னிக்குக் காலையிலகூட. உன்னைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு. குடிச்சிட்டு ஓட்டாதீங்கன்னு பேசறதுக்கு வந்தேன், எனக்கே முன்னாடி போற பஸ்ஸு தெரியாம.

டீச்சர்: நான் ஒரு டீச்சராக் கேக்கறேன். குடிச்சவன் வண்டிச் சாவியை எடுக்கிறப்ப என்ன சொல்வான்? காலையில பசங்ககிட்ட அழகா நடிச்சுக் காட்டினீங்களே, இன்னொரு தடவை சொல்லுங்க.

மாஸ்டர்: "எனக்கு ஒண்ணும் இல்லடா, நான் ஸ்டெடியா இருக்கேன். தினம் போற ரோடுதானே. மெதுவாத்தான் போவேன். இதுவரைக்கும் ஏதாவது ஆயிருக்கா?"

டீச்சர்: தினமும் காலையில நீங்க உங்களுக்குள்ள என்ன சொல்லிக்கிட்டீங்க?

மாஸ்டர்: ...அதேதான். வரிசைகூட மாறல.

டீச்சர்: ம்.

மாஸ்டர்: அடேயப்பா! அந்த வசனத்துக்குத்தான் பசங்க காலையில விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எவ்வளவு இயல்பா பேசறாருன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் வேற பாராட்டினாங்க. இயல்பா வராம என்ன பண்ணும்? தினப்படி ஒத்திகையாச்சே!

டீச்சர்: இப்ப என்ன செய்யலாம்?

மாஸ்டர்: நீயே சொல்லு. பழைய இடத்துலயே கோனை வச்சா, கண்ணை மூடிக்கிட்டு, ஒவ்வொண்ணா பாத்து... பாத்து இல்ல, தேடிப் போய் உதைச்சுத் தள்ளறேன். தத்ரூபமா விழறேன். பசங்க பயந்துடுவாங்க. விஷயம் முடிஞ்சுது. என் கண்ணு கதை நமக்குள்ளயே இருக்கட்டும்.

டீச்சர்: புல்லட் நம்புவானா?

மாஸ்டர்: ஏன் நம்ப மாட்டான்?

டீச்சர்: வீடியோ அவன் போன்ல இருக்கு. டீச்சர் மிரட்டி மாஸ்டரை நடிக்க வச்சுட்டாங்கன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவான். அந்த வயசுப் பசங்களுக்கு நடிப்பு நல்லாத் தெரியும்ங்க. நம்மகிட்டயே தினம் அவங்க அதைத்தானே பண்றாங்க.

மாஸ்டர்: அப்ப நிஜத்தைச் சொல்லச் சொல்ற.

டீச்சர்: நான் சொல்லச் சொல்லல. உங்க தொழில், உங்க பேரு. நீங்க முடிவு பண்ணுங்க.

மாஸ்டர்: சொன்னா நாளைக்கு எவன் என்கிட்ட கத்துக்க வருவான்? போர்டுல எழுத வேண்டியதுதான்: "இங்கே கண் தெரியாதவர் கார் கற்றுத் தருவார்." தெருவே கூடி நின்னு சிரிக்கும். உன்னையும் சேத்து சிரிக்கும்.

டீச்சர்: சிரிக்கட்டும்.

மாஸ்டர்: ஒருவேளை கண்ணு சரியாகாதுன்னு சொல்லிட்டாங்கன்னா?

டீச்சர்: சரியாகாட்டி நான் கார் ஓட்டறேன். நீங்க எனக்குப் பக்கத்துல உக்காந்து குறை சொல்லுங்க.

மாஸ்டர்: உனக்கு கிளட்ச் எதுன்னே தெரியாது.

டீச்சர்: கத்துக் குடுங்க. ஊருலயே பெரிய மாஸ்டராமே நீங்க.

மாஸ்டர்: ...பயமா இருக்கும்மா. கிண்டல் இல்ல. நிஜமாவே பயமா இருக்கு. பொய்யை வச்சுக்கிட்டு இத்தனை நாள் ஓட்டிட்டேன், இப்ப இறங்கச் சொன்னா காலே வரல.

டீச்சர்: எனக்கும் பயமாத்தான் இருக்கு.

மாஸ்டர்: அந்தப் பையன்... குடிச்சா என்ன, மாஸ்டர் மாதிரி ஓட்டுவேன்னானாம்ல? "மாஸ்டர் மாதிரி." என்னைப் போய் மாதிரியா எடுத்துக்கிட்டானே, முட்டாப் பய. என் அப்பாகூட என்னைப் பாத்து யாரும் கத்துக்கக் கூடாதுன்னுதான் சொல்வாரு.

பி.டி. சார்: மேடம்! எல்லாரும் உக்காந்தாச்சு! கோன் அடுக்கட்டுமா?

மாஸ்டர்: கோன் வேண்டாம் சார்! நாற்காலி மட்டும் போடுங்க!

பி.டி. சார்: நடை இல்லையா மாஸ்டர்? பசங்க ஏமாந்துடுவாங்களே!

மாஸ்டர்: அவங்க ஏமாறக் கூடாதுன்னுதான் சார். முதல் பேட்ச்சையும் கூட்டிட்டு வாங்க. அந்த புல்லட்டை முதல் வரிசையில உக்கார வைங்க. வீடியோ எடுக்கிறவன் எவனோ, அவனையும் வரச் சொல்லுங்க. போன்ல சார்ஜ் இருக்கான்னு பாத்துக்கச் சொல்லுங்க.

பி.டி. சார்: சரி மாஸ்டர்... ஏதோ புதுசா பண்ணப்போறீங்க போல! இதோ வர்றேன்!

டீச்சர்: என்ன சொல்லப்போறீங்க?

மாஸ்டர்: முதல்ல கண்ணை மூடிக்கிட்டு ஏமாத்தினேன்னு சொல்லுவேன். ஏன் மூடினாலும் திறந்தாலும் எனக்கு ஒண்ணுன்னு சொல்லுவேன். அந்தச் சைக்கிள் பொண்ணைச் சொல்லுவேன். ஒரு சொட்டுகூடக் குடிக்காமலேயே நானும் குடிகாரன் மாதிரிதான் ஓட்டினேன், எதுவும் ஆகலைங்கிறது என் திறமை இல்ல, அந்த நர்ஸம்மாவோட திறமைன்னு சொல்லுவேன். நடுவுல ஒரு ஜோக்கு சொல்லுவேன். விசில் வராது.

டீச்சர்: வராது.

மாஸ்டர்: பரவாயில்ல. நான் விசிலுக்கு ஏத்த மூஞ்சியும் இல்ல. சாயங்காலம் பஸ்ல போயிடலாம், கார் இங்கேயே கிடக்கட்டும். நாளைக்குக் கண் டாக்டர். நீ என் கையை விடாமப் பிடிச்சுக்கணும், ஓடிடுவேன். சரி, நான் மட்டும் கீழே போறேன். நீ இங்கேயே இரு. என் மானம் போறதை நீ பாக்க வேண்டாம்.

டீச்சர்: நானும் மேடைக்கு வர்றேன். உங்களுக்கு அடுத்தது நான் பேசணும்.

மாஸ்டர்: நீ எதுக்கும்மா? நீ என்ன தப்பு பண்ண? உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே.

டீச்சர்: தெரியுதுங்க. அதான். காலையில உங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "ஐயோ, சிகப்பு விழுந்துடுச்சே, பெல் அடிச்சிடுவாங்களே"ன்னு புலம்புவேன். "அப்பாடா, பச்சை"ம்பேன். குறுக்க யாராவது வந்தா, "அந்த ஆள் போட்டிருக்கிற சட்டையைப் பாருங்க"ன்னு உங்க தோளைத் தட்டுவேன். நான் இந்த ஸ்கூலுக்கு ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்லைங்க. உங்களுக்குக் கண்ணு தெரியலைங்கிறது எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க உடைஞ்சு போயிடுவீங்களேன்னுதான், இப்பவும் தெரியாத மாதிரியே கேட்டேன், தினமும் அப்படிப் புலம்பிக்கிட்டே வந்தேன்.